ஆட்டிசம் உள்ள பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறீர்களா? ராமநாதபுரம் கரையோரப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் மகனுக்கு இப்போது 21 வயது. ஏழு வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவந்து வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தோம். பாம்பனில் இருக்கிறோம், அவன் அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர். பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்துப் பயிற்சி நாளிலும், ராமநாதபுரம் போகிற பேருந்திலும், கல்யாண வீட்டுப் பந்தியிலும் என்னிடம் கேட்கப்படுவது ஒரே கேள்விகள்தான். கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். நான் மருத்துவரும் இல்லை, வக்கீலும் இல்லை. 14 வருடம் இதைச் செய்த அம்மா, அவ்வளவுதான்.

"ஆட்டிசம்னா என்னக்கா? மூளை வளரலையா, இல்ல பைத்தியமா?"

இரண்டும் இல்லை. மூளை பிறவியிலேயே வேறு விதமாக வளர்வதால் வருவது. பேச்சு, பிறரோடு பழகுவது, சத்தம் வெளிச்சம் தொடுகையைத் தாங்குவது, ஒரே மாதிரி நடக்க வேண்டும் என்ற பிடிவாதம், இவற்றில் அது தெரியும். சிலருக்கு அறிவுத்திறன் குறைவும் சேர்ந்திருக்கும், சிலருக்கு வலிப்பு வரும், சிலர் நம்மைவிடக் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள். அரசாங்கத் தாளில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று எழுதியிருக்கும். எனக்கு அந்த வார்த்தை பிடிக்காது. மூன்று தெரு தள்ளி ஐஸ் உடைக்கிற சத்தம் என் மகனுக்குக் கேட்கிறது. புற உலகம் அவனுக்கு அதிகமாகவே தெரிகிறது.

தடுப்பூசியால் வந்ததா என்று கேட்கிறவர்களுக்கு: அப்படிச் சொன்ன 1998ஆம் வருட ஆய்வுக் கட்டுரையை, அதை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் திரும்பப் பெற்றுவிட்டது. கர்ப்பத்தில் கிரகணம் பார்த்ததாலும் வராது, அம்மா வேலைக்குப் போனதாலும் வராது.

"ஏர்வாடி தர்காவுல கொண்டுபோய் வச்சா சரியாயிடும்னு மாமியார் சொல்றாங்க. போகலாமா?"

போய் வேண்டிக்கொண்டு வாருங்கள். நாங்களும் போனோம், வேளாங்கண்ணிக்கும் போனோம். ஆனால் பிள்ளையை எங்கேயும் விட்டுவிட்டு வரக் கூடாது, கட்டி வைக்கவும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநலக் காப்பகம் என்ற பெயரில் நடந்த கொட்டகை தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியவில்லை. நம் மாவட்டத்தில் நடந்தது. மாமியாருக்கும் நினைவிருக்கும், சொல்லிப் பாருங்கள்.

ஆட்டிசம் இறங்கிப் போகிற காய்ச்சல் இல்லை. வேண்டுதல் ஒரு பக்கம் இருக்கட்டும், பயிற்சியைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டு மூன்று வயதில் சந்தேகம் வந்தால் மாவட்டத் தலைமை மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஆரம்பகட்டப் பயிற்சி எங்கே தருகிறார்கள் என்று கேட்டு அந்த வாரமே போய்விடுங்கள்.

"பள்ளிக்கூடத்துல இருந்து நிறுத்திட்டா கேஸ் போடுவாங்களா?"

மாட்டார்கள். 2009ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டத்தில் 2012இல் ஒரு திருத்தம் வந்தது. கடுமையான குறைபாடோ பலவகைக் குறைபாடோ உள்ள பிள்ளை வீட்டிலிருந்தே படிக்கும் உரிமையை அது தருகிறது. 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை கட்டணமில்லாத கல்வி உண்டு. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பது உங்கள் விருப்பம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: கோபத்தில் டி.சி. வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். பக்கத்து அரசுப் பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருக்கட்டும். அப்புறம் இன்னொன்று, பள்ளியில் பிள்ளை சந்தோஷமாக இருந்தால் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். நாங்கள் கொண்டுவந்ததற்குக் காரணம், அவனை ஆறு மாதமாக வராந்தாவில் தனியாக உட்காரவைத்திருந்தார்கள். அது தெரிந்ததும் நிறுத்திவிட்டோம்.

"வீட்டுல வச்சா யாரு சொல்லித்தருவா? நான் எட்டாவது வரைக்கும்தான் படிச்சிருக்கேன்."

வட்டார வள மையத்தில் எழுதிக்கொடுத்தால் சிறப்பாசிரியர் வீட்டுக்கு வந்து பார்ப்பார், பயிற்சி முறை சொல்லித்தருவார். ஆனால் அவர் பொறுப்பில் நிறைய ஊர், நிறையப் பிள்ளைகள். மிச்ச நேரமெல்லாம் நீங்கள்தான். அதற்கு எட்டாவது தாராளம். இந்தப் பிள்ளைகளுக்கு முதலில் வேண்டியது கழிப்பறை, குளியல், சாப்பாடு, காத்திருப்பது, 'வேண்டாம்' என்று சொல்வது. இதையெல்லாம் எந்தப் பட்டப்படிப்பிலும் சொல்லித்தருவதில்லை.

ஒரு வேலையைக் கடைசிப் படியிலிருந்து சொல்லிக்கொடுப்பது நான் கற்ற முறைகளில் சிறந்தது. அரிசி களைவதை எடுத்துக்கொள்ளுங்கள். அளந்து போடுவது, தண்ணீர் விடுவது, கையால் அலசுவது, வடிப்பது, மறுபடி விடுவது எல்லாவற்றையும் நீங்களே செய்துவிட்டு, கடைசியில் பானையில் கொட்டுவதை மட்டும் அவன் கையில் கொடுங்கள். 'நான் செய்து முடித்தேன்' என்ற முகம் முதல் நாளே வரும். அது பழகியபின் வடிப்பதைக் கொடுங்கள். அப்படியே பின்னாலேயே நடந்து வாருங்கள். எங்களுக்கு இது ஐந்து மாதம் ஆனது. இடையில் எத்தனை அரிசி சாக்கடையில் போனது என்று கேட்காதீர்கள். இன்றைக்கு எங்கள் வீட்டில் உலை வைப்பது அவன்தான்.

பத்து விஷயத்தை அரைகுறையாகத் தொடங்குவதைவிட ஒன்றை முழுதாக முடிப்பதே மேல் என்பது என் கட்சி. மற்ற அம்மாக்கள் சிலர் ஒத்துக்கொள்வதில்லை.

"டைம்டேபிள் போடணுமா? எங்க வீட்டுல எதுவும் நேரத்துக்கு நடக்காதே."

போடுங்கள், ஆனால் மணியை வைத்து வேண்டாம், வரிசையை வைத்துப் போடுங்கள். பல் தேய்ப்பது, இட்லி, கோழிக்குத் தீனி, எழுத்து, குளியல் என்று உங்கள் வீட்டுப் பொருட்களையே போட்டோ எடுத்து அட்டையில் வரிசையாக ஒட்டுங்கள். முடிந்த படத்தைக் கழற்றி அவனே டப்பாவில் போடட்டும்.

நம் பக்கத்தில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. அப்பா இருக்கிற நாளும் இல்லாத நாளும் மாறி மாறி வரும். ராமேஸ்வரம் விசைப்படகு திங்கள், புதன், சனி போகும். நாட்டுப்படகு மற்ற நாளில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர் வீட்டில் அப்பா முழுநேரமும் இருப்பார், வரிசையே குலைந்துபோகும். பெரியவர்களுக்கே அந்த 61 நாள் கஷ்டம். அட்டையில் ஒரு படகு படமும் ஒரு வீட்டு படமும் வைத்து, முந்தின இரவே எது என்று மாட்டிவிடுங்கள். காற்று சரியில்லை என்று விடிகாலையில் அப்பா திரும்பிவந்துவிட்டால் படத்தை அவரே மாற்றட்டும்.

"அஞ்சு வயசாச்சு, பேச்சே வரல. பேசினாத்தானக்கா பாடம்?"

பேச்சுக்காகக் காத்திருக்காதீர்கள். படத்தைக் காட்டிக் கேட்கப் பழக்கினால் பேச்சு வராமல் போய்விடும் என்று பயப்படுகிறார்கள், அப்படி ஆவதில்லை. எங்கள் பையன் முதன்முதலில் என்னிடம் கேட்டது ஒரு நுங்குப் படத்தைக் கொடுத்துத்தான். நான் அன்றைக்கு நாலு நுங்கு சீவிக் கொடுத்தேன். ஒன்பது வயதுக்கு மேல் வார்த்தை வந்தது. இப்போதும் குறைவாகத்தான் பேசுவான்.

"கடலைப் பார்த்தா ஓடிடுறான். எனக்கு ராத்திரி தூக்கமே இல்ல."

இந்தப் பக்கத்தின் முக்கியமான பதில் இதுதான். ஆட்டிசப் பிள்ளைகள் பலருக்குத் தண்ணீர் காந்தம் மாதிரி, அதோடு சொல்லாமல் கிளம்பிப் போகிற பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. உலகம் முழுக்க இந்தப் பிள்ளைகள் இறப்பதற்கு ஒரு பெரிய காரணம் நீரில் மூழ்குவது. நமக்கோ வாசலைத் திறந்தால் கடல்.

கதவின் மேற்பக்கம் கைக்கு எட்டாத தாழ்ப்பாள் ஒன்று, கதவில் ஆட்டுக்குக் கட்டுகிற மணி ஒன்று. பையன் காணோம் என்றால் தெருவைத் தேடாமல் முதலில் கரைக்கு ஓட வேண்டும். கரையில் வலை சீர்செய்கிறவர்கள், கருவாடு காயவைக்கிற பெண்கள், டீக்கடை என எல்லாரிடமும் பிள்ளையைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்: 'இவன் தனியாக வந்தால் பிடித்து உட்காரவையுங்கள், திட்டாதீர்கள்.' வெட்கப்பட்டு மறைத்தால் கரையில் நாலு கண் குறைந்துபோகும். எங்கள் பையனை இரண்டு முறை கரையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தவர், எங்களோடு நிலத்தகராறில் பேச்சு வார்த்தை இல்லாதவர்.

அப்புறம் நீச்சல். தடுத்தால் மட்டும் போதாது, கற்றுக்கொடுக்கவும் வேண்டும். சட்டை போட்டபடியே நீந்தவும், மல்லாந்து மிதக்கவும் பழக்குங்கள். விழுகிறவன் உடுப்போடுதான் விழுவான். வடகடல் அமைதி என்று எப்போதும் நம்பாதீர்கள். வாடை அடிக்கிற மாதங்களில் அதுதான் கொந்தளிக்கும், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தென்கடல். வலிப்பு வருகிற பிள்ளை என்றால் கை எட்டுகிற தூரத்தில் பெரியவர் இல்லாமல் இடுப்பளவுத் தண்ணீரும் கூடாது.

"புயல் முகாமுக்கு எப்படிக் கூட்டிட்டுப் போறது? கூட்டத்தைப் பார்த்தா கத்துவான்."

மழை இல்லாத நாளிலேயே அந்தக் கட்டடத்துக்கு இரண்டு மூன்று முறை சும்மா கூட்டிப்போங்கள். ஒரு மூலையைக் காட்டி 'நம் இடம்' என்று பழக்குங்கள். தனிப் பை ஒன்று எப்போதும் தயாராக இருக்கட்டும்: மாத்திரை, காதை மூடுகிற கருவி, அவனுடைய போர்வை, பட அட்டையின் நகல். எங்கள் பையனுக்கு எண்கள் பிடிக்கும் என்பதால் பாம்பனில் எத்தனாம் எண் கூண்டு ஏற்றினார்கள் என்பதை அவன்தான் எங்களுக்குச் சொல்வான். 'மூன்றாம் எண்ணுக்குப் பை எடுக்கணும்' என்பது வீட்டுச் சட்டம்.

"தலையில அடிச்சிக்கிறான், கத்துறான். ரெண்டு போட்டா அடங்குறான். அடிக்கிறது தப்பா?"

தப்பு. அடங்குவது பயத்தால், காரணம் அப்படியே உள்ளே இருக்கும். முதலில் உடம்பைப் பாருங்கள்: பல்வலி, காதுவலி, மலச்சிக்கல். வலி சொல்லத் தெரியாத பிள்ளை தலையைத்தான் முட்டும். அடுத்து சத்தம். திருவிழாவில் கம்பத்துக்குக் கம்பம் மைக்செட் கட்டுகிற ஊர் நம்முடையது. அந்தப் பத்து நாளும் நாங்கள் என் அம்மா வீட்டுக்குப் போய்விடுவோம். ஊர்க்காரர்கள் பேசத்தான் செய்தார்கள்.

மூன்றாவது, வழக்கம் உடைவது. என் மகனுக்கு மாலையில் பாம்பன் பாலத்தில் ரயில் போவதைப் பார்த்தே ஆக வேண்டும். 2022 டிசம்பரில் 1914ஆம் வருடப் பழைய பாலத்தில் ரயிலை நிறுத்திவிட்டார்கள். முதல் வாரம் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டாவது வாரம் கையைக் கடித்துக்கொண்டான், இன்னும் தழும்பு இருக்கிறது. 'நாளைக்கு வரும்' என்று நான் சொன்ன பொய்தான் நிலைமையைக் கெடுத்தது. பிறகு ரயில் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்டு, 'ரயில் இல்லை. பாலம் கட்டுகிறார்கள். கட்டுவதைப் பார்க்கலாம்' என்று மாற்றினோம். அதே நேரம், அதே இடம், வேறு காட்சி. தூண் தூணாக எண்ணினான். 2025 ஏப்ரல் 6 அன்று புதுப் பாலம் திறந்தபோது கோட்டை அவனே அழித்தான்.

"எழுத்து, கணக்கெல்லாம் வேண்டாமா அப்போ?"

வேண்டும், ஆனால் கடைத்தெருவுக்கு ஆகிற கணக்கு. 'ராமுவிடம் ஐந்து மாம்பழம்' என்று தொடங்கினால் ராமு யார் என்று கேட்பான். எங்கள் கணக்குப் பாடம் பால் பாக்கெட். முதல் மாதம் நான் கூடவே போய்க் கடையில் கையை நீட்டிக் காசு கொடுக்க மட்டும் பழக்கினேன். அடுத்து நான் கடைக்கு வெளியே. அடுத்து தெருமுனை. அண்ணாச்சியிடம் முன்பே சொல்லிவைத்திருந்தேன்: மீதியை வேண்டுமென்றே ஒரு ரூபாய் குறைத்துக் கொடுங்கள் என்று. ஏழெட்டு முறை வாங்கிக்கொண்டு வந்துவிட்டான். ஒருநாள் கடை வாசலிலேயே நின்று உள்ளங்கையை நீட்டியபடி நகரவில்லை. வரிசையில் பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். அண்ணாச்சி ஒரு ரூபாயை வைத்ததும் திரும்பி நடந்தான். அன்றோடு அந்தப் பாடம் முடிந்தது.

"சர்டிபிகேட் வாங்கினா பிள்ளைக்கு முத்திரை குத்தின மாதிரி ஆயிடாதா?"

ஊரில் ஏற்கெனவே பெயர் வைத்தாகிவிட்டது, நீங்கள் வாங்காமலிருந்தால் நஷ்டம்தான். மருத்துவமனையில் 40 கேள்வி கொண்ட இந்திய ஆட்டிச மதிப்பீட்டு முறையில் பார்த்து சதவீதம் போடுவார்கள். பிறகு யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் அவனுக்கும் கூட வருகிற ஒருவருக்கும் கட்டணம் இல்லை. தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஒரு லட்ச ரூபாய் வரை மருத்துவச் செலவுக்குப் பாதுகாப்பு. உதவித்தொகை பற்றி மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் ஐந்து நகல் எடுத்து வையுங்கள்.

"பத்தாவது எழுத வைக்க முடியுமா?"

முடிகிற பிள்ளைக்கு இரண்டு வழி. ஒன்று, தேசியத் திறந்தநிலைப் பள்ளி: 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்குச் சேரலாம், ஐந்து பாடம், ஐந்து வருடத்துக்குள் ஒவ்வொன்றாக எழுதித் தேறலாம். நம் பிள்ளைகளுக்கு அந்த 'ஒவ்வொன்றாக' தான் வரம். இன்னொன்று மாநிலத் தேர்வைத் தனித்தேர்வராக எழுதுவது. சான்றிதழ் இருந்தால் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், ஒரு மொழிப் பாடத்துக்கு விலக்கு போன்ற சலுகைகளுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும்.

என் மகன் எழுதவில்லை. முயன்று பார்த்தோம், இரண்டு வருடம் வீட்டில் சண்டைதான் மிச்சம். எங்களோடு பயிற்சிக்கு வந்த ஒரு பெண் நான்கு வருடத்தில் முடித்துவிட்டாள். இரண்டும் சரிதான்.

"பொம்பளப் புள்ள. வயசுக்கு வந்தா என்னக்கா பண்றது? கர்ப்பப்பையை எடுத்துடச் சொல்றாங்களே?"

எடுக்காதீர்கள். பிள்ளை பெறும் திறனைப் போக்கும் எந்தச் சிகிச்சையும் அவர்களுடைய முழுச் சம்மதம் இல்லாமல் செய்யக் கூடாது என்று 2016ஆம் வருடச் சட்டமே சொல்கிறது. அதை எடுத்துவிட்டால் யாரும் தொட மாட்டார்களா? தொட்டது வெளியே தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

ஒன்பது வயதிலிருந்தே பழக்குங்கள். சும்மாவே மாதத்தில் மூன்று நாள் நாப்கின் வைத்துப் பழகட்டும். சிவப்புச் சாயம் தடவி, மடித்துத் தாளில் சுற்றிப் போடும்வரை மேலே சொன்ன அரிசி முறையில்தான். சடங்கை மைக்செட் இல்லாமல் வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். யார் யார் எங்கே தொடலாம் என்பதைப் படம் போட்டுச் சொல்லுங்கள். ஏதாவது நடந்ததாகச் சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். பேசாத பிள்ளைக்கும் போக்சோ சட்டம் உண்டு.

"பையன் எல்லார் முன்னாடியும் கையை வைக்கிறான். சொல்லவே கூசுது."

கூசாதீர்கள், எல்லா ஆண்பிள்ளைக்கும் உள்ளதுதான். அடிக்கவும் வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். 'அறை, கதவு சாத்தி' என்ற ஒரே வாக்கியம், ஒவ்வொரு முறையும் அதே குரலில். பத்து வயதோடு கட்டிப்பிடிப்பதை நிறுத்தி வணக்கம் சொல்லப் பழக்குங்கள். ஆறு வயதில் எல்லாருக்கும் செல்லமாக இருந்தது பதினாறில் காவல் நிலையம் வரை போகும்.

"பெரியவனானா என்ன வேலை பார்ப்பான்?"

நம் கரையில் இருக்கிற வேலைகளையே முதலில் பாருங்கள். முண்டு மிளகாய் தரம் பிரிப்பது, ஓலைக் கொட்டான் முடைவது, சிப்பி கோர்ப்பது, கருவாட்டைப் பொட்டலம் போடுவது. ஒரே மாதிரி, எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெரிகிற வேலை இவர்களுக்குப் பொருந்தும். கூவி விற்கிற வேலை பெரும்பாலும் பொருந்தாது.

என் மகன் கடல்பாசிக்குக் கயிறு கட்டுகிறான். சின்னத் துண்டு பாசியை இடைவெளி விட்டுக் கயிற்றில் முடிய வேண்டும். அப்படிக் கட்டிய கயிறுகளை மூங்கில் மிதவையில் இழுத்துக் கட்டிக் கடலில் விடுவார்கள், 45 நாளில் அறுவடை. முதல் நாள் வழவழப்பு பிடிக்காமல் கையை உதறிக்கொண்டு ஓடிவந்துவிட்டான். வீட்டில் ஈரத் துணிக் கிழிசலை வைத்து ஒரு மாதம் பழக்கினேன், பிறகு கையுறை, பிறகு வெறும் கை. இப்போது அவன் இடைவெளி ஒரு விரல் பிசகாது. பக்கத்தில் இருக்கிற அக்காக்கள் கட்டியது கோணலாக இருந்தால் அவிழ்த்துவிடுகிறான் என்பதுதான் புகார். கூலியை அவன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை அதிலிருந்து புரோட்டா வாங்குவான்.

படிப்பு ஏறியவர்களுக்கு இன்னொரு வழி: அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதத்தில் 1 சதவீதம் ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, மனநோய் முதலானவற்றுக்குச் சேர்த்து ஒதுக்கியது.

"கல்யாணம் பண்ணி வச்சா சரியாயிடும்ங்கிறாங்களே?"

ஆகாது. கல்யாணம் என்றால் என்னவென்று புரிந்து, தானே வேண்டும் என்று கேட்கிற ஆட்டிசக்காரர்கள் உண்டு; அவர்கள் செய்துகொள்ளட்டும். நமக்குப் பிறகு சோறு போட ஆள் வேண்டும் என்று ஒரு பெண்ணை ஏமாற்றிக் கட்டிவைப்பது பாவம்.

"18 முடிஞ்சா நாம கையெழுத்துப் போட முடியாதாமே?"

ஆமாம், பெற்றவர் என்பதற்காக மட்டும் முடியாது. 1999ஆம் வருடத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் சட்டப்பூர்வப் பாதுகாவலர் ஆணைக்கு விண்ணப்பிக்கலாம். 17 வயதிலேயே தாள்களைச் சேர்க்கத் தொடங்குங்கள். தானே முடிவெடுக்கத் தெரிந்த பிள்ளைக்கு இது தேவையில்லை. வங்கிப் புத்தகத்தை அவன் பெயரிலேயே வைத்து, கூட இருந்து உதவினால் போதும்.

"எங்களுக்கப்புறம் யாரு?"

இதற்கு முழு விடை என்னிடம் இல்லை. செய்துகொண்டிருப்பதைச் சொல்கிறேன். பாதுகாவலர் ஆணையில் எங்களுக்கு அடுத்து யார் என்று வீட்டில் பேசினோம். என் மகள் தானாக முன்வந்தாள். ஆனாலும் அவளிடம் 'வேண்டாம் என்றால் வேண்டாம், கோபம் இல்லை' என்று இரண்டு முறை சொன்னேன். தம்பி தங்கையை அதற்கென்றே பெற்றதாக நினைக்கக் கூடாது. பிறகு, மாதம் இரண்டு இரவு அவன் என் தங்கை வீட்டில் தூங்குகிறான். முதல் இரவு நாங்கள் இரண்டு பேரும்தான் தூங்கவில்லை, அவன் தூங்கிவிட்டான்.

அப்புறம் ஒரு நோட்டு. என்ன மாத்திரை, எந்தச் சோப்பு, எந்தச் சத்தத்துக்குக் காதை மூடுவான், கூலி எவ்வளவு, எந்தப் பல் கூசும் என்று எழுதிவருகிறேன். போன மாதம் அதைப் புரட்டியபோது மகளின் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: 'ரயில் தாமதமானால் இப்போ வந்துடும்னு சொல்லக் கூடாது. எத்தனை மணிக்குன்னு கேட்டுச் சொல்லணும்.'